ஷிஃப்டர் கெட்டுவிட்டதா, கார்தான் கியரை மறுக்கிறதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அசெட்டோ கோர்ஸா என்ற கார் பந்தய சிமுலேட்டரில், இணையத்திலிருந்து பதிவிறக்கிய ஒரு மாட் காரை (ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் கார்) ஹெச் ஷிஃப்டரில், அதாவது ஹெச் வடிவப் பாதையில் நகரும் கியர் லிவரில், ஓட்டுகிறீர்கள். கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் ஆட்டோ கிளட்ச் உதவியை அணைத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் சில நேரம் கியர் விழாமல் திரையில் நியூட்ரல் என்றே நிற்கிறது. கியரை இறக்கும்போது இன்னும் மோசம், கறகறவென்று சத்தம் வருகிறதே தவிர உள்ளே போவதில்லை. அதே காரை ஸ்டீயரிங் பேடிலில் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால், தட்டினால் கியர் மாறும் சிறு தட்டு) ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே ஷிஃப்டர் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தக் கியரை மறுப்பது யார் என்பதுதான். கையில் இருக்கும் கருவியா, விளையாட்டின் செட்டிங்கா, காரின் கோப்பா, உங்கள் கால் பழக்கமா? நான்கும் திரையில் ஒரே நியூட்ரலாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சிமுலேட்டர் ரிக்குகளைப் பூட்டிக் கொடுப்பதும் ஷிஃப்டர்களைப் பிரித்துச் சரிசெய்வதும் மாட் கார்களின் டிரைவ்டிரெயின் (இன்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) எண்களோடு மல்லுக்கட்டுவதுமாகப் பல வருடம் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், பேடிலில் ஒழுங்காக ஓடுகிறது என்பதை வைத்து ஷிஃப்டர்மேல் பழி போட முடியாது. பேடிலைத் தட்டும்போது உங்களுக்குத் தெரியாமல் பின்னால் பல வேலைகள் நடக்கின்றன. கியரை ஏற்றும்போது ஒரு நொடியின் சிறு பங்குக்கு இன்ஜினின் இழுவை தானாக வெட்டப்படும். இறக்கும்போது காரைப் பொறுத்தோ உங்கள் செட்டிங்கைப் பொறுத்தோ ஆக்சிலரேட்டர் தானாக ஒரு தட்டு தட்டிக்கொள்ளும். பல கார்களில் கிளட்சும் அந்த நேரத்துக்கு மட்டும் தானே விலகிச் சேரும். ஹெச் ஷிஃப்டருக்கு மாறிய உடனே இந்த மூன்றும் உங்கள் கால்களின் பொறுப்பாகிவிடுகின்றன. ஆகவே பேடிலில் சரியாக இருந்து ஹெச்சில் தகராறு என்றால், ஷிஃப்டர் கெட்டிருக்கலாம் என்பது ஒரு சாத்தியம், கால் வேலை அந்தக் காருக்குப் போதவில்லை என்பது இன்னொரு சாத்தியம். உங்கள் விவரத்தைப் படித்த மட்டில் நான் இரண்டாவதின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் சோதிக்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஹெச் ஷிஃப்டர் கணினிக்கு அனுப்புவது 'மூன்றாவது கியர் போட்டாயிற்று' என்ற செய்தி அல்ல. ஒவ்வொரு கியரும் ஒரு பட்டன். லிவர் மூன்றில் இருக்கும்வரை மூன்றாவது பட்டன் அழுத்தியபடியே இருக்கும், எடுத்தால் விடுபடும். எந்தப் பட்டனும் அழுத்தப்படாத நிலைதான் நியூட்ரல். பேடில் அப்படியல்ல, ஒரு தட்டுக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். இதனால்தான் ஹெச் ஷிஃப்டரில் தொடர்பு ஒரு கணம் விட்டுப் போனாலும் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு விழுந்துவிடும். பேடிலில் அந்த வகைக் கோளாறே வராது.

இதைச் சோதிக்க விளையாட்டைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பண்புகள் பக்கத்தைத் திறந்தால் பட்டன் எண்கள் வட்டமாக வரிசையாகத் தெரியும். லிவரை மூன்றில் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். வட்டம் சிவந்து அப்படியே நிற்க வேண்டும். பிறகு லிவரின் தலையை விரலால் இடமும் வலமும், முன்னும் பின்னும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓட்டத்தில் உங்கள் கை செய்வது அதைத்தான். வட்டம் மினுக்கினாலோ அணைந்தாலோ கோளாறு கருவியில் இருக்கிறது, மேற்கொண்டு இந்தப் பதிலைப் படிக்கத் தேவையில்லை. மினுக்காமல், ஆனால் மூன்றில் போட்டால் ஒன்றின் பட்டனோ ஐந்தின் பட்டனோ எரிந்தால் அதுவும் கருவிதான், ஆனால் வேறு நோய். லாஜிடெக் ஷிஃப்டர் போன்றவற்றில் லிவர் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் (உரசும் தொடர்பு வழியாக நகர்வை அளக்கும் மின் உறுப்புகள்) அளக்கின்றன, இடவலத்துக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று. இடவலத்தை அளப்பதில் தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ மூன்று ஒன்றாகவும் ஐந்தாகவும் படிக்கப்படும். பிரித்து, மின் தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, லிவரைப் பலமுறை எல்லாப் பக்கமும் ஆட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்மானம் என்றால் அந்த உறுப்பை மாற்ற வேண்டும், முழு ஷிஃப்டரை அல்ல. திரஸ்ட்மாஸ்டர் டிஹெச்8ஏ மாதிரி, காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் வைத்தவற்றில் உரசும் தொடர்பே கிடையாது என்பதால் இந்த நோய் வராது. அங்கே அளவீட்டை (கேலிப்ரேஷன்) திரும்பச் செய்வதும் மேசையில் இறுக்கிப் பூட்டுவதும்தான் முக்கியம். பூட்டிய கிளாம்ப் ஆடினால் நல்ல ஷிஃப்டரும் அரைகுறையாகத்தான் உள்ளே போகும்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் புகாரில் தப்பான கியர் விழுந்ததாக எங்கேயும் இல்லை, கியர் விழவே இல்லை என்றுதான் இருக்கிறது. அதோடு கறகற சத்தம் வேறு கேட்கிறது. அந்தச் சத்தம் பெரிய துப்பு. பட்டன் அழுத்தப்பட்ட செய்தியே போய்ச் சேராமல் இருந்தால் விளையாட்டுக்கு எதை அரைப்பது என்று தெரியாது, சத்தமும் வராது. சத்தம் வருகிறது என்றால் நீங்கள் கேட்ட கியர் சிமுலேட்டருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துதான் மறுக்கிறது. ஆகவே இறக்கும்போது வரும் தகராறில் ஷிஃப்டருக்குப் பங்கில்லை என்பது ஏறக்குறைய உறுதி. ஏற்றும்போது சத்தமில்லாமல் நியூட்ரலில் நிற்கிறதா, சத்தத்தோடு நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதை மட்டும் ஒருமுறை கூர்ந்து கேட்டுப் பாருங்கள்.

ஏன் மறுக்கிறது என்பதற்குக் கியர்பாக்ஸின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். இன்ஜினுக்கு அடுத்து கிளட்ச், அதற்கு அடுத்து கியர்பாக்ஸின் உள்தண்டு, அப்புறம் பல்சக்கர ஜோடிகள், வெளித்தண்டு, கடைசியில் டயர். வெளித்தண்டின் வேகத்தை டயர் தீர்மானிக்கிறது, உள்தண்டின் வேகத்தை இன்ஜின் தீர்மானிக்கிறது. கியர் மாற்றும் அந்தக் கணத்தில் புதிய பல்விகிதத்துக்கு ஏற்ற வேகத்துக்கு உள்தண்டு வந்தாக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பாக்ஸில் இரண்டாவதின் விகிதம் 1.888, மூன்றாவது 1.330. இரண்டாவதில் 6500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6500 சுற்று) இருந்து மூன்றுக்குப் போனால் இன்ஜின் 4580 பக்கத்துக்கு இறங்க வேண்டும். 6500-ஐ 1.330 ஆல் பெருக்கி 1.888 ஆல் வகுத்தால் வருவது அதுதான். கிட்டத்தட்ட 1900 சுற்று குறைய வேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். இறக்கும்போது கணக்கு தலைகீழ். மூன்றில் 5500-ல் ஓடும்போது இரண்டைப் போட்டால் இன்ஜின் 7800-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். அந்தக் காரின் சிவப்புக் கோடு, அதாவது இன்ஜினின் உச்ச வரம்பு, 7000-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த இடத்தில் எந்த ஷிஃப்டர் வைத்திருந்தாலும் பலன் ஒன்றுதான்: கியர் விழாது, விழுந்தால் இன்ஜின் போகும், அல்லது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுற்றும்.

சாதாரண சாலைக் காரில் சின்க்ரோனைசர் என்ற பித்தளைக் கூம்பு உரசி உரசி உள்தண்டை வேகத்துக்குக் கொண்டுவருகிறது. கிளட்ச் முழுக்க விலகியிருந்தால் அது இழுக்க வேண்டியது உள்தண்டையும் கிளட்ச் தட்டையும் மட்டும்தான், இலேசான சுமை. கிளட்ச் பாதி பிடித்திருந்தால் முழு இன்ஜினையும் சேர்த்து இழுக்க வேண்டும், அங்கே தோற்றுப்போகும். ரேஸ் கார்களில் பெரும்பாலும் சின்க்ரோனைசரே கிடையாது. டாக் எனப்படும் தடித்த பற்கள் நேரடியாக ஒன்றுக்குள் ஒன்று விழும். வேகம் ஒத்திருந்தால் டக்கென்று விழும், இல்லாவிட்டால் பல்லின் தலையில் பல் மோதி அரைக்கும். இன்னொன்று, இழுவை இருக்கும்போது டாக் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டால்தான் பழைய கியரிலிருந்தே வெளியே வரும். உங்கள் மாட் எந்த வகை பாக்ஸைப் பின்பற்றி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து நீங்கள் கால்களால் செய்ய வேண்டியதும் மாறும்.

இப்போது நிற்கும் காரில் ஒரு சோதனை. இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, ஒன்று முதல் கடைசி கியர் வரை ஒவ்வொன்றாக நிதானமாகப் போட்டு எடுங்கள். எல்லாம் விழுந்தால் கருவியும் பட்டன் ஒதுக்கீடும் சரி, தகராறு நேரத்திலும் ஆர்பிஎம்மிலும் இருக்கிறது. நிற்கும்போதே ஏதாவது ஒன்று மட்டும் மறுத்தால் அந்தப் பட்டனின் ஒதுக்கீட்டைப் பாருங்கள். எல்லாமே மறுத்தால் நேரே கிளட்ச் பெடலுக்குப் போங்கள்.

கிளட்ச் பெடலைப் பலரும் கவனிப்பதில்லை, என் அனுபவத்தில் பாதி வழக்குகள் அங்கேதான் முடிகின்றன. நீங்கள் அடிவரை மிதித்தாலும் பெடலின் சென்சார் முழு அளவைச் சொல்லாமல் கொஞ்சம் குறைத்துச் சொன்னால், சிமுலேட்டரைப் பொறுத்தவரை கிளட்ச் இன்னும் இலேசாகப் பிடித்தபடி இருக்கிறது. தேய்ந்த பெடலில் இது சகஜம். பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்திருந்தாலும், பெடல் செட் பின்னால் நழுவிக் கால் எட்டாமல் போனாலும் இதேதான் நடக்கும். விளையாட்டுக்குள் பெடல் அளவைக் காட்டும் சிறு பட்டைகளைத் திரையில் போட்டு, மிதிக்கும்போது கிளட்ச் பட்டை முழுக்க நிரம்புகிறதா, விடும்போது முழுக்கக் காலியாகிறதா என்று பாருங்கள். நிரம்பாவிட்டால் அளவீட்டைத் திருப்பிச் செய்யுங்கள், அல்லது கடைசிப் பகுதியை முழு அளவாக எடுத்துக்கொள்ளும்படி செட்டிங்கை மாற்றுங்கள். சில பெடல்கள் இணைத்த பிறகு முதல்முறை மிதிக்கும்வரை பாதி மிதித்த நிலையாகக் கணக்குக் கொடுப்பதும் உண்டு. ஓட்டத்துக்குள் போகும் முன் மூன்று பெடலையும் ஒருமுறை அடிவரை மிதித்து விடுவது நல்ல பழக்கம்.

செட்டிங் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. ஹெச் ஷிஃப்டர் தேர்வு இயக்கத்தில் இருக்க வேண்டும், தானியங்கி கியர் உதவி அணைந்திருக்க வேண்டும். ஷிஃப்டர் பட்டன் ஒன்று வேறு வேலைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஷிஃப்டரை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றியிருந்தால் ஒதுக்கீட்டையும் சரிபாருங்கள். மலிவான யூஎஸ்பி ஹப் வழியாக எல்லாவற்றையும் செருகியிருந்தால் ஷிஃப்டரை மட்டும் நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

கால் வேலைக்கு வருகிறேன். ஏற்றும்போது பெரும்பாலோர் தடுமாறுவது வரிசையில். கை வேகமாகவும் கால் மெதுவாகவும் போகும். கிளட்ச் அடியைத் தொடுமுன் லிவர் இரண்டை விட்டு வந்துவிடும், லிவர் மூன்றைத் தொடுமுன் கிளட்ச் பாதி மேலே வந்துவிடும். இரண்டிலிருந்து மூன்று வெறும் நேர்க்கோடு அல்ல. பின்னாலிருந்து நியூட்ரலுக்கு வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, முன்னே தள்ள வேண்டும். மூன்றிலிருந்து நான்கு நேராகப் பின்னால் இழுப்பதுதான், அதனால் அங்கே நேரம் குறைவு. ஏற்றும்போது நீங்கள் குறிப்பிட்டது மூன்றாவதை மட்டும் என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் வலுவாக இருக்கிறது. சரிபார்க்க ஒரு வழி: பெடல் பட்டைகளைத் திரையில் வைத்தபடி நேர்ச்சாலையில் இரண்டு-மூன்று மாற்றத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், பதிவும் செய்யுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு, கியர் எண் மாறும் இடத்தில் கிளட்ச் பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் பட்டை முழுக்க இறங்காமல் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். லிவரைக் குத்தாமல், உள்ளங்கையால் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளினால் நடுவிலிருக்கும் ஸ்பிரிங்கே லிவரை மூன்றின் பாதைக்குக் கொண்டுவந்துவிடும். இறுக்கிப் பிடித்து இழுப்பவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

இறக்குவது இதைவிடக் கடினம். இன்ஜின் வேகத்தை நீங்கள் உயர்த்திக் கொடுக்க வேண்டும், அதுவும் பிரேக் மிதித்தபடி. வலது கால் பிரேக்கில் இருக்க, அதே பாதத்தின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். சின்க்ரோனைசர் உள்ள பாக்ஸில் கிளட்ச் முழுக்க விலகியிருந்தால் இந்தத் தட்டு இல்லாமலும் கியர் விழும், ஆனால் கிளட்சை விடும்போது கார் குலுங்கும், பின்சக்கரம் பூட்டும். சின்க்ரோனைசர் இல்லாத பாக்ஸில் உள்தண்டையே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போடும் இரட்டைக் கிளட்ச் முறைதான் பாதுகாப்பு. பழகியவர்கள் கிளட்சை முழுக்க மிதிக்காமலேயே தட்டின் நேரத்தை வைத்து விழவைப்பார்கள். சிமுலேட்டரில் இதற்கு ஒரு தடை உண்டு, மலிவான பெடல் செட்டின் பிரேக் மிகவும் மெத்தென்று ஆழமாக இறங்கும். அழுத்திப் பிரேக் போட்டவுடன் பாதம் ஆக்சிலரேட்டரைவிடத் தாழ்ந்துவிடும், தட்ட எட்டாது. பிரேக் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது, பெடல் தட்டுகளின் உயரத்தைச் சரிக்கட்டுவது இரண்டும் பணத்துக்குப் புது ஷிஃப்டரைவிட அதிகப் பலன் தரும். இன்னொரு எளிய வழி, கொஞ்சம் பொறுத்து இறக்குங்கள். பிரேக்கின் தொடக்கத்திலேயே இரண்டு கியரை இறக்கப் பார்ப்பதுதான் பலரின் பழக்கம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், அந்த வேகத்தில் கீழ்க் கியருக்கு இடமே இருக்காது.

இவ்வளவும் செய்து, விளையாட்டோடு வரும் கார் ஒன்றில் ஹெச் ஷிஃப்டர் சுத்தமாக விழுந்து, இந்த மாட்டில் மட்டும் தகராறு நீடித்தால் காரின் கோப்பைத் திறந்து பார்க்கலாம். டிரைவ்டிரெயின் கோப்பில் கியர்பாக்ஸ் பகுதியில் சில வரிகள் உங்களுக்கு வேண்டியவை. காக்பிட்டில் லிவர் உண்டா இல்லையா என்பதை ஒரு வரி சொல்லும், பூஜ்யம் என்றால் பேடில் அல்லது சீக்வென்ஷியல் (கியரை வரிசையாக மட்டும் மாற்றும்) கார், ஒன்று என்றால் ஹெச் லிவர் உண்டு. ஏற்றவும் இறக்கவும் ஆகும் நேரம் மில்லி நொடிகளில் இருக்கும். முக்கியமானது, கியர் விழ அனுமதிக்கும் ஆர்பிஎம் இடைவெளி. அந்த எண் பெரிதானால் கியர் எளிதாக விழும், சிறிதானால் வேகம் துல்லியமாக ஒத்தால்தான் விழும். அதற்கு அடுத்ததாகப் பெடல்களின் நிலையைக் கணக்கில் எடுக்கும் ஒரு பெருக்கி இருக்கும்.  மாட் எழுதுபவர்கள் வேறொரு காரின் கோப்பை நகலெடுத்து, பல்விகிதங்களை மட்டும் மாற்றிவிட்டு இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிடுவது உண்டு. உங்கள் மாட்டிலும் அதுதான் நடந்ததா என்பது கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். மாற்றிப் பார்ப்பதானால் அசலைக் காப்பெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி எண்ணை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மாற்றிய காரோடு ஆன்லைன் சர்வருக்குப் போனால் கோப்பு ஒத்துப்போகவில்லை என்று உள்ளே விடாமல் போகலாம்.

இன்னொரு கேள்வியையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கார் நிஜத்தில் லிவர் வைத்த காரா? ஃபார்முலா ஒன்னில் ஸ்டீயரிங் பேடிலை முதலில் கொண்டுவந்தது 1989-இன் ஃபெராரி 640. அந்த ஆண்டு பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் அதில் வென்றார். அதற்கு முந்தைய ஃபார்முலா ஒன் காரை ஓட்டுகிறீர்கள் என்றால் ஹெச் ஷிஃப்டரோடு போராடுவது நியாயமான போராட்டம். இப்போதைய ஜிடி3 வகைப் பந்தயக் காரென்றால் நிஜத்திலும் பேடில்தான். லிவரில் ஓட்டும்படி அதை யாரும் கட்டவில்லை, அந்த மாட்டில் ஹெச் ஷிஃப்டர் ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் டெஸ்க்டாப்பில் பட்டன் சோதனை, பிறகு நின்ற இடத்தில் கியர் சோதனை, பிறகு கிளட்ச் பட்டை. இந்த மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும். பட்டன் அணைந்தால் ஷிஃப்டரின் மாடலை எழுதுங்கள், எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மூன்றும் சரியாக இருந்தால் மாட்டின் பெயரையும், நீங்கள் கியர் இறக்கும் ஆர்பிஎம்மையும், அந்தக் கோப்பின் கியர்பாக்ஸ் பகுதியில் இருக்கும் எண்களையும் எழுதுங்கள். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.